மார்பக ஆபரேஷனுக்கு அப்புறம் அசையாம போன கை: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தக் கேஸ்ல நான் பிசியோதெரபிஸ்டா இருந்தேன். மருந்து சம்பந்தமான முடிவெல்லாம் பெயின் டாக்டரும் ஆன்காலஜிஸ்டும் (கேன்சர் டாக்டர்) எடுத்தது. சம்பந்தப்பட்டவங்க சம்மதத்தோட, அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள எடுத்துட்டு எழுதறேன். இதுல வர்ற மருந்து அளவும் பயிற்சியும் இவங்க ஒருத்தருக்குன்னு முடிவு பண்ணது, அப்படியே எடுத்து வேற ஒருத்தருக்குப் பண்ண வேண்டாம்.

பின்னணி

47 வயசு, ஸ்கூல் டீச்சர், வலது கை பழக்கம். வலது மார்பகத்துல கேன்சர், அக்குள்ல இருக்கற நிணநீர் முடிச்சு வரைக்கும் வந்திருந்துச்சு, அதனால முதல்ல கீமோ குடுத்து கட்டியச் சுருக்கிட்டு அப்புறம் ஆபரேஷன், அப்புறம் ரேடியேஷன், அதுக்கப்புறம் டமாக்சிஃபென் மாத்திரைன்னு பிளான். இதுக்கு முன்னாடி தோள்பட்டைல எந்தப் பிரச்சனையும் கிடையாது, சுகர் கிடையாது. சுகர் ஏன் முக்கியம்னா அது இருக்கறவங்களுக்கு தோள்பட்டை இறுகிப்போற வாய்ப்பு தனியாவே ஜாஸ்தி.

ஆபரேஷன் மாடிஃபைட் ராடிக்கல் மாஸ்டெக்டமி. மார்பகத்த முழுசா எடுத்துட்டு அக்குள் முடிச்சுகளையும் எடுக்கறது, ஆனா நெஞ்சுத் தசைய அப்படியே விட்டுடுவாங்க. 1890கள்ல ஹால்ஸ்டெட்ங்கற சர்ஜன் காலத்துல பண்ண ஆபரேஷன்ல அந்தத் தசையும் சேர்ந்தே போகும், இப்ப அப்படி இல்ல. இத ஏன் இங்கயே சொல்றேன்னா, இந்தம்மா கிட்டத்தட்ட ஒன்றரை மாசம் தன்னோட நெஞ்சுத் தசையையும் எடுத்துட்டாங்கன்னே நெனச்சுட்டு இருந்திருக்காங்க. யாரும் அப்படிச் சொல்லல, எடுக்கலன்னும் யாரும் சொல்லல.

மயக்க மருந்தோட சேத்து முதுகுப்பக்கம் நரம்புல ஒரு பிளாக், அதாவது அந்த இடத்த மரத்துப்போக வைக்கற ஊசி, போட்டிருந்தாங்க, அதனால முதல் நாள் ராத்திரி வலியே பெருசா தெரியல, நல்லா தூங்கியிருக்காங்க. மறுநாள் மதியத்துக்கு மேல பிளாக் இறங்கினதும் வலி ஒரே அடியா 7க்குப் போயிருக்கு (0ன்னா வலியே இல்ல, 10ன்னா தாங்கவே முடியாத வலி). அந்தத் திடீர் ஏத்தம் அவங்க மனசுல நல்லா பதிஞ்சிடுச்சு. அந்த நேரத்துல பெட்ல எந்திரிச்சு உக்காரறதுக்காக வலது கைய ஊனியிருக்காங்க, அதனாலதான் உள்ள ஏதோ பிரிஞ்சுபோச்சு, அதான் வலின்னு அவங்களே ஒரு கணக்குப் போட்டுக்கிட்டாங்க. உண்மையில மருந்தோட நேரம் முடிஞ்சதுதான் காரணம், கை ஊனினது தற்செயல்.

நாலாவது நாள் ரெண்டு ட்ரெய்ன் டியூபோட (உள்ள ஊறற நீர வெளிய எடுக்கற குழாய்) வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு அக்குள்ல. டிஸ்சார்ஜ் பேப்பர்ல கை பத்தி இருந்தது இவ்வளவுதான்: வலது கையத் தூக்கக் கூடாது, வெயிட் எடுக்கக் கூடாது, அந்தக் கையில ஊசியும் பிரஷர் பாக்கறதும் கூடாது. எதுக்கும் தேதி கிடையாது.

முதல் அஞ்சு வாரம்

நெஞ்சு ட்ரெய்ன் எட்டாவது நாள் எடுத்தாங்க, அக்குள் ட்ரெய்ன் ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழ வர்ற வரைக்கும் காத்திருந்து பதினாலாவது நாள் எடுத்தாங்க. அதுக்கப்புறம் அக்குள்ல கொஞ்சம் நீர் கோத்துச்சு, செரோமான்னு சொல்லுவாங்க, ஒரு தடவ ஊசில உறிஞ்சி எடுத்தாங்க. இதெல்லாம் சாதாரணமா நடக்கறதுதான்.

கையத் தூக்கக் கூடாதுன்னு சொன்னதுக்கும் அர்த்தம் இருக்கு, அத தப்புன்னு நான் சொல்ல வரல. ட்ரெய்ன் இருக்கும்போது தோளுக்கு மேல பலமாத் தூக்குனா தோலுக்கு அடியில நீர் சுரக்கறது ஜாஸ்தியாகும், ட்ரெய்ன் இன்னும் ரொம்ப நாள் இருக்க வேண்டியதாகும். ஆனா அது தோள் மட்டத்துக்கு மேல தூக்கறதுக்குத்தான், அதுவும் முதல் கொஞ்ச நாளைக்கு. இவங்க புரிஞ்சுக்கிட்டது கைய அசைக்கவே கூடாதுன்னு. தலை வார்றது, முகம் கழுவறது, கதவு திறக்கறது எல்லாமே இடது கைல, இல்லன்னா மக பண்ணிவிடும். மக காலேஜ் படிக்கற பொண்ணு, ரொம்பப் பொறுப்பா அம்மா கைய ஒரு இடத்துல இடிக்காம பாத்துக்கிட்டா. அந்த அக்கறையே கைய இன்னும் கட்டிப்போட்டுடுச்சு, இதுக்காக அந்தப் பொண்ணக் குறை சொல்ல முடியாது, பேப்பர்ல எழுதியிருந்தத அப்படியே செஞ்சா.

வலி மாத்திரையும் இதே கதைதான். பாராசிட்டமால் தேவைப்பட்டா போட்டுக்கங்கன்னு எழுதியிருந்துச்சு. ஏற்கனவே இவ்வளவு மருந்து உடம்புக்குள்ள போயிருக்கு, இன்னும் எதுக்குன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, தாங்கவே முடியாதப்ப மட்டும் ஒண்ணு போட்டிருக்காங்க. வலி உச்சிக்குப் போனப்புறம் போடற மாத்திரை பெருசா கேக்காது, கேக்கலன்னதும் இந்த மாத்திரை வேலைக்கு ஆகாதுன்னு விட்டுட்டாங்க.

எங்ககிட்ட எப்படி வந்தாங்கன்னா, ரேடியேஷன் டிபார்ட்மென்ட்ல முதல் தடவ பாக்கப் போனப்ப அங்க டாக்டர் கையத் தலைக்கு மேல வைங்கன்னு சொல்லியிருக்காரு, கை இடுப்ப விட்டே நகரல. ரேடியேஷனுக்கு முன்னாடி பிளானிங் ஸ்கேன் எடுக்கணும், அதுக்கும் சரி சிகிச்சைக்கும் சரி, கையத் தலைக்கு மேல வச்சுக்கிட்டு அசையாமப் படுத்திருக்கணும். ஸ்கேனுக்குத் தேதி கிட்டத்தட்ட ரெண்டு வாரத்துல இருந்துச்சு. அப்பதான் பிசியோவுக்கு எழுதிக் குடுத்தாங்க, ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வாரம் கழிச்சு.

முதல் நாள் பாத்தது

உள்ள நடந்து வரும்போதே பாதி விஷயம் தெரிஞ்சுடுச்சு. வலது கை வயித்தோட ஒட்டி, கை முட்டி மடங்கி, இடது கை அதத் தாங்கிப் பிடிச்சிருக்கு, தோள் காது பக்கம் ஏறியிருக்கு, முதுகு முன்னாடி வளைஞ்சிருக்கு. என்னம்மா பண்ணுதுன்னு கேட்டா, "எல்லாமே வலிக்குதும்மா, எங்கன்னு சொல்றது"ன்னாங்க.

கோணம் அளக்கற கோனியோமீட்டர் வச்சு கை எவ்வளவு தூக்க முடியுதுன்னு அளந்தப்ப முன்பக்கமா 80 டிகிரி, பக்கவாட்டுல 60 டிகிரி. 90 டிகிரின்னா தோள் மட்டம், 180ன்னா நேரா மேல, இடது கை 175 வரைக்கும் போச்சு. வலி சும்மா இருக்கும்போது 4, கைய நகத்தினா 8, ராத்திரி 6. தூக்கம் துண்டு துண்டாத்தான்.

எல்லாமே வலிக்குதுங்கறத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அதனால உடம்போட வெளிக்கோடு மட்டும் போட்ட ஒரு பேப்பரும் கலர் பென்சிலும் குடுத்து, எரியற இடத்துல சிவப்பு, மரத்துப்போன இடத்துல நீலம், இழுக்கற இடத்துல கருப்பு, சும்மா வலிக்கற இடத்துல பச்சைன்னு தடவச் சொன்னேன். டீச்சர்ங்கறதாலயோ என்னவோ ரொம்ப நேர்த்தியாப் பண்ணாங்க. அந்தப் பேப்பர்ல நாலு வலி தனித்தனியா வந்துச்சு.

மேல்கையோட உள்பக்கமும் அக்குளோட பின்பக்கமும் நீலம், அதுக்கு மேலயே சிவப்பு. மரத்தும் போயிருக்கு, ஜாக்கெட் துணி உரசினா எரியவும் செய்யுது. தொட்டா உணர்ச்சி இல்லாத இடம் எப்படிம்மா எரியும்னு அவங்களுக்கே சந்தேகம், சொன்னா நம்ப மாட்டாங்கன்னு இவ்வளவு நாள் யார்கிட்டயும் சொல்லல. இது நரம்பு வலியோட குணம்தான். இன்டர்காஸ்டோபிரேக்கியல்னு ஒரு நரம்பு, ரெண்டாவது விலா எலும்பு இடுக்குல இருந்து கிளம்பி அக்குள் வழியா மேல்கை உள்பக்கத் தோலுக்குப் போகுது, அக்குள் முடிச்சு எடுக்கும்போது அது நசுங்கறதும் இழுபடறதும் சில சமயம் வெட்டுப்படறதும் உண்டு. அது தோல் உணர்ச்சிக்கான நரம்பு மட்டும்தான், கைய அசைக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

கருப்புக் கோடு அக்குள்ல இருந்து கை முட்டி வரைக்கும். கையப் பக்கவாட்டுல விரிச்சுப் பாத்தா தோலுக்கு அடியில கம்பி இழுத்துக் கட்டுன மாதிரி ரெண்டு இழை கண்ணுக்கே தெரிஞ்சுச்சு. இதுக்குப் பேரு ஆக்சிலரி வெப் சிண்ட்ரோம், பொதுவா கார்டிங்னு சொல்லுவோம். ஆபரேஷன் முடிஞ்ச முதல் எட்டு வாரத்துக்குள்ள வர்றது சகஜம், வெட்டுப்பட்ட நிணநீர்க் குழாய்கள் தடிச்சு இறுகறதுனாலன்னு கருதறாங்க. முட்டிய மடக்கி வச்சா பக்கவாட்டுல இன்னும் 20 டிகிரி கிட்ட கூடப் போச்சு, முட்டிய நீட்டினா உடனே நின்னுடுச்சு. பிரச்சனை தோள் மூட்டுக்குள்ள இல்ல, வெளிய இருக்கற இழைலன்னு இதுலதான் தெரிஞ்சுச்சு. கைய உடம்போட ஒட்டி வச்சு வெளிப்பக்கம் திருப்பிப் பாத்தேன், 60 டிகிரி வந்துச்சு. ஃப்ரோசன் ஷோல்டரா (தோள் மூட்டே இறுகிப்போறது) இருந்தா முதல்ல அடி வாங்கறது இந்த அசைவுதான், அது ஓரளவு நல்லா இருந்ததால அந்தச் சந்தேகம் பின்னாடி போச்சு.

கழுத்து, தோள் மேல்பகுதி, முதுகுல பச்சை. அது கைய அஞ்சு வாரமா தூக்கிப் பிடிச்சுட்டே இருந்ததோட அசதி. தழும்பு நல்லா ஆறியிருந்துச்சு, வெளி ஓரத்துல மட்டும் அடியில ஒட்டிப்போய் இருந்துச்சு.

அஞ்சாவதா ஒண்ணு பேப்பர்ல வரல, பேசும்போது வந்துச்சு, அதான் பயம். தூக்கினா தையல் பிரிஞ்சிடும், தசையே இல்லாத கையத் தூக்கினா இன்னும் கெட்டுப்போகும், அப்புறம் கை வீங்கிடும். என்னோட அபிப்பிராயத்துல கைய ரொம்ப இறுக்கிப் பிடிச்சிருந்தது இதுதான்.

கூடவே இல்லாததையும் பாத்தாகணும். காய்ச்சல் இல்ல, சிவப்பு இல்ல, சூடு இல்ல. ரெண்டு கையோட சுத்தளவும் டேப் வச்சு அளந்ததுல வித்தியாசம் 1 செ.மீ.க்கும் கம்மி, அதனால லிம்ஃபெடீமா (நிணநீர் தேங்கி கை வீங்கறது) இப்போதைக்கு இல்ல. கை திடீர்னு வீங்கி நிறம் மாறியிருந்தா ரத்தக்கட்டுக்குப் பாக்கணும், அப்படி எதுவும் இல்ல. சுவத்துல கை வச்சு லேசாத் தள்ளச் சொன்னப்ப தோள்பட்டை எலும்பு பின்னாடி துருத்தல, அதனால அத இயக்கற நரம்பு நல்லா இருக்கு. சர்ஜனும் ஒரு தடவ பாத்து, அக்குள்ல ஒரு ஸ்கேன் எடுத்து, கொஞ்சம் நீர் மிச்சம் இருக்கு, தொட வேண்டாம், பயிற்சி ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டாரு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பயிற்சிக்கு முன்னாடி சர்ஜன் வாயால ரெண்டு விஷயம் சொல்ல வைக்கணும்ங்கறது. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனப்பாங்க. அவரு அம்மாவையும் மகளையும் உக்கார வச்சு, படம் போட்டு, தசை முழுசா அங்கயே இருக்கு, தையல் ஆறிடுச்சு, இனிமே தூக்கறதுனால பிரியாது, தூக்காம இருக்கறதுதான் கெடுதல்னு சொன்னாரு. பத்து நிமிஷம் கூட ஆகல. வெளிய வந்ததும் அவங்களாவே கைய வயித்துல இருந்து எடுத்துத் தொங்கவிட்டாங்க, அதுக்கு முன்னாடி அதக்கூட பண்ணதில்ல.

ரெண்டாவது மருந்து. பெயின் டாக்டர் பாராசிட்டமால் 1 கிராம் நாளைக்கு மூணு வேளை நேரம் தவறாமன்னு மாத்தினாரு, வலி இருந்தாலும் இல்லன்னாலும். அதுல ரெண்டு வேளைய பயிற்சிக்கு முக்கா மணி நேரம் முன்னாடி வர்ற மாதிரி வச்சோம். லிவர் டெஸ்ட் நல்லா இருந்துச்சு, கீமோ எடுத்தவங்கங்கறதால அதப் பாத்துட்டுத்தான் குடுத்தாரு. வேற ஜுர மாத்திரை, சளி மாத்திரைல இதே மருந்து கலந்திருக்கும், அத சேத்துப் போடக் கூடாதுன்னும் சொன்னாரு.

எரிச்சலுக்குப் பாராசிட்டமால் பெருசா கேக்காது, அது நரம்பு வலி. அதுக்கு டியூலாக்செட்டின் ஒரு வழி, அத யோசிச்சுட்டு விட்டுட்டாங்க. காரணம் டமாக்சிஃபென். டமாக்சிஃபென் கல்லீரல்ல ஒரு நொதியால மாறினாதான் முழு வேலை செய்யும், டியூலாக்செட்டின் அதே நொதியத் தடுக்கும். வலிக்குக் குடுக்கற மாத்திரை கேன்சர் மாத்திரையோட பலத்தக் குறைச்சா அது நல்ல பேரம் இல்ல. இந்த ஒரு விஷயம் வலி மருந்து எழுதறவங்களும் ஆன்காலஜிஸ்டும் பேசிக்கலன்னா சுலபமா தவறிடும். அமிட்ரிப்டிலின் இன்னொரு வழி, ஆனா கீமோக்கு அப்புறம் இவங்களுக்கு வாய் வறட்சியும் மலச்சிக்கலும் ஏற்கனவே இருந்துச்சு, அது ரெண்டையும் அந்த மருந்து ஜாஸ்தியாக்கும். கடைசில ப்ரீகாபலின் 75 மி.கி. ராத்திரி மட்டும். தலைசுத்தல் வரலாம், ராத்திரி எந்திரிச்சா மெதுவா எந்திரிங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.

மூணாவது பயிற்சி. இங்க எனக்கு ரெண்டு பக்கமும் நெருக்கடி. ரேடியேஷன் தேதி இருக்கு, அதுக்காக வேகமா இழுத்தா வலி கூடி பழைய பயம் திரும்ப வந்துடும். அதனால நாளைக்கு ஒரு தடவ அரை மணி நேரம்னு இல்லாம, அஞ்சு தடவ அஞ்சஞ்சு நிமிஷம்னு வச்சேன். விதி ஒண்ணே ஒண்ணு: இழுக்கற உணர்ச்சி 4 வரைக்கும் பரவால்ல, சுள்ளுன்னு குத்தினா நிறுத்து, நிறுத்தி அரை மணி நேரத்துல பழைய நிலைக்கு வரலன்னா அடுத்த தடவ பாதி பண்ணு.

ஆரம்பத்துல தோளப் பத்தின பயிற்சியே கிடையாது. மல்லாக்கப் படுத்து, வயிறு ஏறி இறங்கற மாதிரி மூச்சு, தோளக் காதுல இருந்து இறக்கி விடறது, பின்னாடி ரெண்டு தோள்பட்டை எலும்பையும் ஒண்ணா சேக்கறது. அப்புறம் படுத்துக்கிட்டே ரெண்டு கைலயும் ஒரு குச்சியப் பிடிச்சு, இடது கை தூக்க, வலது கை கூடவே போகும். அப்புறம் சுவத்துல விரலால மேல நடக்கறது, எட்டுன இடத்துல பென்சில்ல கோடு. கார்டிங்குக்கு தனியா, கையப் பக்கவாட்டுல தாங்கி வச்சு மெதுவா முட்டிய நீட்டி மணிக்கட்டப் பின்னாடி மடக்கறது, நான் அந்த இழை மேல தோல ரெண்டு பக்கமா லேசா நகத்துவேன். அந்த இழை சில சமயம் டப்புன்னு விட்டுக்குடுக்கும், அதுவா நடந்தா பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா அதுக்காக வேணும்னே வெடுக்குன்னு இழுக்கறது எனக்கு உடன்பாடு இல்ல.

தழும்புக்கு ரெண்டு விரலால வட்டமா, தோலோட சேத்து அடித்திசு நகர்ற மாதிரி. எரியற இடத்துக்கு முதல்ல வழுவழுப்பான பட்டுத் துணி, அப்புறம் பருத்தி, அப்புறம் டவல்னு படிப்படியா தடவிப் பழக்கறது. இது பாக்க வேடிக்கையா இருக்கும், ஆனா நரம்புக்கு இது ஆபத்தில்லன்னு திரும்பத் திரும்பச் சொல்ற வேலை. தூங்கும்போது வலது கைக்கு அடியில தலையணை, இடது பக்கம் திரும்பிப் படுத்தா முன்னாடி ஒண்ணு கட்டிப்பிடிச்சுக்கணும்.

மகளுக்கும் ஒரு வேலை: அம்மாவுக்கு எதையும் எடுத்துக் குடுக்காத, டம்ளர் கூட. ரொம்பக் கஷ்டமா இருக்கு மேடம்னா, ஆனா செஞ்சா.

நடந்தது

முதல் நாலஞ்சு நாள் முன்னேற்றம் ஜோரா இருந்துச்சு, அந்தச் சந்தோஷத்துல ஒரு நாள் சுவத்துல விடாம ஏறி எறங்கியிருக்காங்க, மறுநாள் வலி 7. உடனே பழைய கணக்கு வந்துச்சு, "பிரிஞ்சிடுச்சாம்மா?" அக்குளப் பாத்தேன், நீர் கூடல, சிவப்பு இல்ல, அது வெறும் தசை வலி. ரெண்டு நாள் மூச்சுப் பயிற்சியும் குச்சியும் மட்டும், அப்புறம் திரும்ப சுவரு. வலி வந்துச்சு, போச்சு, கை அப்படியே இருக்குங்கறத அவங்க அனுபவத்துல பாத்தது நான் சொன்ன எந்த விளக்கத்தவிடவும் நல்லா வேலை செஞ்சுச்சு.

ப்ரீகாபலின் ஆரம்பிச்சு ஒரு வாரத்துல ராத்திரி வலி 6ல இருந்து 3, நாலு மணி நேரம் தொடர்ந்து தூக்கம். காலைல கொஞ்சம் மந்தமா இருந்துச்சு, அத இன்னும் சீக்கிரமா சாயங்காலமே போட ஆரம்பிச்சதும் சரியாச்சு.

ஏழாவது வாரம் முன்பக்கம் 110, பக்கவாட்டு 85. ஸ்கேனுக்கு இது பத்தாது. ரேடியேஷன் டாக்டர்கிட்ட பேசினோம், ஒரு வாரம் தள்ளலாம், அதுக்கு மேல தள்ளறது கேன்சர் சிகிச்சைக்கு நல்லதில்லன்னாரு, அது நியாயம். அந்த வாரம் முழுக்க நாங்க பண்ணது ஒத்திகை. கை எவ்வளவு தூரம் போகுதுங்கறது ஒரு விஷயம்னா, அந்த இடத்துல கால் மணி நேரம் அசையாம வச்சிருக்கறது வேற விஷயம். மல்லாக்கப் படுத்து கையத் தலைக்கு மேல மடக்கி, கை முட்டிக்கு அடியில மூணு தலையணை, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணு. நேரம் ரெண்டு நிமிஷத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா. ஸ்கேன் அன்னைக்கு முக்கா மணி நேரம் முன்னாடி மாத்திரை போட்டுட்டு, முட்டிக்கு அடியில ஒரு சின்னத் தாங்கலோட எடுத்தாங்க, முன்பக்கம் 130, பக்கவாட்டு 110 அப்ப. அந்தத் தாங்கல் எந்த உயரத்துல இருந்துச்சோ அதே உயரத்துல சிகிச்சை முடியற வரைக்கும் தினமும் இருக்கணும், அதனால அத டெக்னீஷியன் குறிச்சு வச்சுக்கிட்டாங்க.

ரேடியேஷன் 15 சிட்டிங், மூணு வாரம். ரெண்டாவது வாரத்துக்கு மேல தோல் சிவந்து இறுகுச்சு, அந்த இடத்துல தழும்பு தடவறத நிறுத்திட்டோம், கை அசைக்கறத நிறுத்தல, எண்ணிக்கையக் குறைச்சோம். முடியும்போது முன்பக்கம் 130ல இருந்து 120க்கு இறங்கியிருந்துச்சு. இது வரும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்ததால பதறல. தோல் ஆறினதும் ரெண்டு வாரத்துல திரும்பப் பிடிச்சாங்க.

கார்டிங் இழை மூணாவது மாசக் கடைசில கிட்டத்தட்ட காணாமப் போச்சு. இதுல நேர்மையா ஒண்ணு சொல்லணும், கார்டிங் நிறையப் பேருக்குச் சில மாசத்துல தானாவே போயிடும், அதனால என்னோட கை வைத்தியம்தான் சரிபண்ணுச்சுன்னு சொல்லிக்க முடியாது. ப்ரீகாபலினும் அப்படித்தான், நரம்பு காலப்போக்குல தானாவும் அடங்கும். இவங்க விஷயத்துல எல்லாமே ஒரே சமயத்துல ஆரம்பிச்சதால எது எவ்வளவு வேலை செஞ்சுச்சுன்னு பிரிக்க வழியில்ல. இவங்களுக்கு மூணு மாசம் காத்திருக்க நேரம் இல்லாததுதான் எல்லாத்தையும் சேத்துப் பண்ணதுக்குக் காரணம்.

மூணாவது மாசத்துல இருந்து எடை. இதுக்கு அவங்களவிட சொந்தக்காரங்கதான் எதிர்ப்பு, அந்தக் கைல வெயிட் எடுத்தா யானைக்கால் மாதிரி வீங்கிடும்னு யாரோ சொல்லியிருக்காங்க. அக்குள் முடிச்சு முழுசா எடுத்தவங்கள்ல சுமார் அஞ்சுல ஒருத்தருக்கு எப்பவாவது லிம்ஃபெடீமா வருது, அந்தப் பயம் அர்த்தமில்லாதது இல்ல. ஆனா 2009லயும் 2010லயும் அமெரிக்காவுல வெளியான பிஏஎல் ஆய்வு முடிவுகள்ல, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தற எடைப் பயிற்சி ஏற்கனவே வீக்கம் இருக்கறவங்களுக்கும் அத ஜாஸ்தியாக்கல, வீக்கம் வர வாய்ப்பிருக்கறவங்களுக்கும் புதுசா வரவைக்கல. கொஞ்சம் கொஞ்சமாங்கறதுதான் இதுல முக்கியம். அரைக் கிலோல ஆரம்பிச்சு, வாரத்துக்கு ரெண்டு நாள், கை கனக்குதா இறுகுதான்னு பாத்துட்டு ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவ ஏத்தினோம். மாசா மாசம் டேப் அளவு.

அஞ்சாவது மாசம் ஸ்கூலுக்குப் போனாங்க, முதல்ல பாதி நாள். போர்டுல எழுதறதுதான் பெரிய சோதனை, கை மேல போறது பிரச்சனை இல்ல, அங்கயே நின்னு எழுதறது. போர்டோட கீழ்ப்பாதில எழுதி, நடுநடுவுல கைய இறக்கி, இப்படியே சமாளிச்சு ஒரு மாசத்துல மேல வரைக்கும் வந்துட்டாங்க.

ஆறாவது மாச நிலவரம்

முன்பக்கம் 165, பக்கவாட்டு 160. சும்மா இருக்கும்போது வலி 0ல இருந்து 1, நாள் பூரா வேலை பாத்தா சாயங்காலம் 3. பாராசிட்டமால் எப்பவாவது. ப்ரீகாபலின ஒரே நாள்ல நிறுத்தாம, ரெண்டு வாரத்துல படிப்படியாக் குறைச்சு நிறுத்தினாங்க.

மிச்சம் இருக்கறதையும் எழுதணும். மேல்கை உள்பக்கம் மரத்துப்போனது அப்படியேதான் இருக்கு, பரப்பு கொஞ்சம் சுருங்கியிருக்கு, முழுசாப் போகும்னு நான் வாக்குக் குடுக்கல. அந்த இடத்துல சுடுதண்ணி பட்டாலும் தெரியாது, அக்குள்ல ஷேவ் பண்ணும்போது வெட்டினாலும் தெரியாது, அதனால அங்க கவனம். வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவ நெஞ்சுல கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு நொடி வரும். எடுத்த மார்பகத்துல அரிக்கற மாதிரியும் சில சமயம் தோணும், இத ரொம்பத் தயங்கிச் சொன்னாங்க, மூளைல அந்த இடத்தோட வரைபடம் இன்னும் இருக்கறதுனாலன்னு சொன்னதும் ஒரு பெருமூச்சு, பைத்தியம் பிடிக்குதோன்னு நெனச்சிருக்காங்க. ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசத்துக்கு மேல நீடிக்கற வலிய போஸ்ட் மாஸ்டெக்டமி பெயின் சிண்ட்ரோம்னு சொல்றோம், வெவ்வேற ஆய்வுகள்ல 20ல இருந்து 50 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவுல இருக்குன்னு வருது. இவங்களுக்கும் லேசா இருக்குன்னுதான் ரெக்கார்டுல எழுதியிருக்கேன், சரியாயிடுச்சுன்னு எழுதல.

இனிமே மாத்தறது

பிரிட்டன்ல 392 பெண்கள வச்சுப் பண்ண ப்ராஸ்பர் ஆய்வு 2021ல வெளியாச்சு. தோள் பிரச்சனை வர வாய்ப்பு ஜாஸ்தியா இருக்கறவங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சு 7ல இருந்து 10 நாள்ல பிசியோ வழிகாட்டுதலோட பயிற்சி ஆரம்பிச்சா, ஒரு வருஷம் கழிச்சுப் பாக்கும்போது கை வேலை செய்யறது நல்லா இருந்துச்சு. இந்தம்மா அந்த வகைலதான் வர்றாங்க, அக்குள் முடிச்சு எடுத்தாச்சு, ரேடியேஷனும் இருக்கு. அஞ்சாவது வாரம் ரேடியேஷன்காரங்க கண்டுபிடிச்சு அனுப்ப வேண்டிய கேஸ் இல்ல இது.

அதனால அக்குள் ஆபரேஷன் பண்ற எல்லாருக்கும் ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒரு தடவ பிசியோ, தோள் அளவு, கை சுத்தளவு எடுத்து வச்சுக்கறதுன்னு பேசி முடிவாச்சு. அந்தச் சந்திப்புலயே தசைய எடுக்க மாட்டாங்க, மேல்கை மரத்துப்போகலாம், பிளாக் இறங்கினதும் வலி ஏறும் அது இயல்புதான்னு சொல்லிடறது. வார்டுல பிளாக் இறங்கறதுக்கு முன்னாடியே மாத்திரை ஆரம்பிக்கறது, முதல் ஒரு வாரம் தேவைப்பட்டான்னு எழுதாம நேரம் போட்டு எழுதறது. மூணாவது வாரம் ஒரு செக்கப், அக்குள்ல இழை தெரியுதான்னு கைய விரிச்சுப் பாக்க.

டிஸ்சார்ஜ் பேப்பர்ல கையத் தூக்கக் கூடாதுங்கற வரி போயிடுச்சு. அதுக்குப் பதிலா முதல் நாள்ல இருந்தே சாப்பிட, பல் தேய்க்க, தலை வார அந்தக் கையையே பயன்படுத்தவும், ட்ரெய்ன் எடுக்கற வரைக்கும் முட்டி தோள் மட்டத்தத் தாண்ட வேண்டாம், எடுத்ததுக்கு அப்புறம் தினமும் கொஞ்சம் மேல, ஆறாவது வாரத்துல இருந்து எடை பத்தி பிசியோகிட்ட கேக்கவும்னு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல தேதி எழுத ஒரு கட்டம். அந்தத் தேதிய நர்ஸ் பேனாவால எழுதிக் குடுக்கணும், கட்டம் காலியா இருந்தா டிஸ்சார்ஜ் பில் போடறவங்க திருப்பி அனுப்பணும். இந்தக் கடைசி ஏற்பாட்டுக்குத்தான் ரொம்ப வாதம் நடந்துச்சு, பில் கவுன்ட்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு. அவங்களத் தாண்டாம யாரும் வீட்டுக்குப் போக முடியாதுங்கறதால அங்கதான் வச்சோம்.

இந்தம்மாவுக்கு இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவ சுத்தளவும் தோள் அளவும் பாக்கறோம். ரேடியேஷனால வர்ற இறுக்கம் மாசக்கணக்குல, சில பேருக்கு வருஷக்கணக்குல மெதுவாக் கூடும், அதனால நீட்டற பயிற்சி நாளைக்கு ஒரு வேளையாவது தொடரும். கை கனக்க ஆரம்பிச்சாலோ, மோதிரம் வளையல் திடீர்னு இறுகினாலோ, தோல் சிவந்து சூடானாலோ, புதுசா ஒரே இடத்துல விடாம வலிச்சாலோ அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காம வரணும்னு மகளோட போன்லயும் எழுதி வச்சிருக்கு.